மீசைக்கு ஈடாகப் பத்து நகம்

எலோதியா அஞ்சுந்தியாவை எங்கள் துறைமுக ஊரான மந்தாவின் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் கல்யாணத் தரகர் என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கும் அதில் கோபம் கிடையாது, செய்கிற வேலை அப்படி. ஒரு பக்கம் பாடம், இன்னொரு பக்கம் ஆட்கள் வேலை செய்கிற இடம். இரண்டையும் பேசி முடித்து வைக்க வேண்டும். வாத்தியாரிடம் போய், "உங்க பாடத்துல எந்தப் பகுதி பசங்க மண்டையில ஏற மாட்டேங்குது?" என்று கேட்பாள். அப்புறம் துறைமுகத்துக்கோ ஐஸ் கம்பெனிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய், "உங்களுக்கு எதும்மா தலைவலியா இருக்கு?" என்று கேட்பாள். இரண்டுக்கும் பொருத்தம் இருப்பது போல லேசாகத் தெரிந்தால் போதும், இரண்டு தரப்பையும் விட மாட்டாள்.

முன்னே அவள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்தாள். மதியம் இரண்டாவது பீரியடில் வகுப்பே தூங்கும். ஒரு நாள் வெறுத்துப்போய், அத்தனை பேரையும் ஐஸ் கம்பெனிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மோனியா நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அவளிடமே பாதிக்குப் பதில் இல்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

அவள் கணவன் ரொசெந்தோ சூரை மீன் பிடிக்கிற கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பான். சிக்னல் கிடைத்தால் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. "இன்னிக்கு யாரைக் கட்டி வெச்சே?" என்பான், அவ்வளவுதான்.

எலோதியாவின் பெருமை எது என்றால் நகம். நீள நீளமாகப் பத்து நகம், வாரத்துக்கு ஒரு நிறம். எங்கள் ஊரில் நகம் வளர்க்காத பெண் குறைவு, ஆனாலும் அவளுடையதைத் தூரத்தில் இருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். அவள் மேசையைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே பக்கத்து அறைக்காரர்கள் உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவார்கள்.

அவளுக்கு ஒரு குறையும் இருந்தது. வருஷக் கடைசியில் ஒவ்வொரு ஆபீசிலும் பழைய வருஷத்துக்கு ஒரு பொம்மை செய்வோம். பழைய துணியில் மரத்தூளை அடைத்து, அந்த வருஷம் ஊர் வாயில் அதிகம் அடிபட்ட ஆளின் சாயலில் செய்து, கொளுத்துவோம். கொளுத்துவதற்கு முன்னால் பொம்மை எழுதி வைத்த உயில் என்று ஒன்றை வாசிப்பார்கள். யார் யாருக்கு என்ன சொத்து என்று சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குவார்கள். அதில் யாரும் கோபப்படக் கூடாது. பெயர் வரவில்லை என்றால்தான் அவமானம். டீன் பெயர் வரும், வாட்ச்மேன் பெயர் வரும், ஒரு வருஷம் வாட்ச்மேனின் நாய்க்குக்கூட ஒரு குடை எழுதி வைத்தார்கள். எலோதியா பெயர் வந்ததே இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு தரகரை யார் நினைக்கிறார்கள்?

போன அக்டோபரில் டீன் வாஷிங்டன் சாங்காய் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான், ஆனால் கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்கிற ரகம்.

"எலோதியாம்மா, எல்லாப் பாடத்தையும் கட்டிக் குடுத்துட்டீங்க. புள்ளியியல் மட்டும் வயசாகி வீட்லயே உக்காந்திருக்கே."

"செர்வியோ சார் பிடி குடுக்க மாட்டேங்கறார் டீன்."

"உணவு இஞ்ஜினியரிங் படிக்கிற அத்தனை பேரும் தாண்டியாகணும் அந்தப் பாடத்தை. பாதிப் பேர் அதுலதான் விழறாங்க. அதையே சேர்க்க முடியலைன்னா, உங்க ஆபீஸ் எதுக்குன்னு ரெக்டர் கேக்கறார். வருஷம் முடியறதுக்குள்ள அவர் வகுப்பு ஒரு கம்பெனிக்குள்ள காலை வைக்கணும். இல்லேன்னா ஜனவரியில உங்க ஆபீசை மூடிடுவோம். உங்களைக் கீழ்த்தளத்துல பழைய பேப்பர் அடுக்கற இடத்துல போடறதா பேச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க ஏசி இருக்கு," என்றார்.

வெளியே வந்த எலோதியா நேரே கீழ்த்தளத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பேப்பர் அடுக்குகிற வேலை கேவலம் இல்லை. ஆனால் அங்கே பேசுவதற்கு ஒரு ஜீவன் கிடையாது. பேசாமல் இருந்தால் அவள் செத்துப்போவாள்.

செர்வியோ கிஹீஹே புள்ளியியல் புரொஃபசர். மீனவக் குடும்பம், ஆனால் கடல் பக்கமே போக மாட்டார். உதடு தெரியாத அளவுக்கு அடர்த்தியான மீசை, இரண்டு ஓரமும் மேலே சுருண்டு நிற்கும். வகுப்புக்கு எப்போதும் ஒரு துணிப்பை கொண்டு வருவார். அதற்குள் சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் இருக்கும். பைக்குள் கையை விட்டு ஒரு பந்து எடுத்தால் சிவப்பு வர வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டே தலைமுறை தலைமுறையாகத் தூங்க வைத்தவர். எலோதியா மூன்று வருஷமாக அவரைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஒரு தடவை முதுகு வலி என்றார், ஒரு தடவை மச்சினி கல்யாணம் என்றார், ஒரு தடவை அவளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனார்.

இந்த முறை காலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்துப் பிடித்தாள். சூரையும் மரவள்ளிக்கிழங்கும் மிதக்கிற சாறு, மேலே வெங்காயம். அதை நாங்கள் யாரும் பாதியில் விட்டு எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். எதிரே போய் உட்கார்ந்தாள்.

"வாய் நிறைய சூரையை வெச்சுக்கிட்டு, சூரைக் கம்பெனிக்கு மட்டும் வரமாட்டேன்னா எப்படி சார்?"

"எலோதியாம்மா, சாப்பிடற நேரத்துல..."

"நீங்க சாப்பிடுங்க, நான் பேசறேன். டின் மீன் கம்பெனியில தினம் எத்தனை டின் வெளிய போகுது? அத்தனையையும் திறந்து பாக்க முடியுமா? கொஞ்சத்தை எடுத்துப் பாத்துட்டு மிச்சத்தை நம்பறாங்க. உங்க பந்துக் கணக்குதானே அது? நீங்க வரலைன்னா ஜனவரியில நான் கீழ்த்தளத்துல பேப்பர் அடுக்கிட்டிருப்பேன். அப்புறம் தினமும் உங்க கனவுல வருவேன்."

அவர் மீசையைத் துடைத்தார். "சரி. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

எலோதியாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லா உடுத்திக்கிட்டு வாங்க சார். பெரிய இடம்!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வினை அந்தச் சொல்லில்தான் இருந்தது.

எங்கள் ஊர் ஆளிடம் நல்லா உடுத்திக்கொண்டு வா என்றால் என்ன செய்வான்? சென்ட்டில் குளிப்பான். செர்வியோவும் குளித்துவிட்டு வந்தார். கம்பெனி வாசலில் டாக்ஸிக் கதவு திறந்ததும், மீன் நாற்றமே ஒரு அடி பின்வாங்கியது. வெள்ளைச் சட்டை, மோதிரம், வாட்ச், மெழுகு போட்டுச் சுருட்டிய மீசை. பின்னால் வகுப்பு மாணவர்கள் வெள்ளைக் கோட்டில் வரிசையாக நின்றார்கள்.

கம்பெனியில் தரம் பார்க்கிற இஞ்ஜினியர் மர்யூரி பின்காய் வெளியே வந்தாள். குள்ளமான பொண்ணு, குரல் மட்டும் கப்பல் சங்கு.

"அக்கா, யாரு இந்த சென்ட் கடை?"

"மர்யூரி, சும்மா இரு. இவர்தான் செர்வியோ சார்."

"மன்னிச்சுக்கங்க சார். ஆனா இந்த வாசனையோட உள்ள போனீங்கன்னா நாளைக்கு மீனும் மணக்கும். மோதிரம், வாட்ச் ஆகாது." கண் மேலே போனது. "மீசையும் ஆகாது."

"மூடிக்கலாமே, வலை போட்டு?" என்றாள் எலோதியா.

"வேற கம்பெனியில விடுவாங்க. எங்களுது மழிச்ச முகம்தான். ஒரே ஒரு முடி விழுந்தா போதும் அக்கா, டின்னைத் திறந்தவன் எங்கேயோ ஜெர்மனியில இருந்து எனக்குப் போட்டோ அனுப்புவான்."

ஒரு மாணவன் 'களுக்' என்றான். செர்வியோவின் காது சிவந்தது.

"நான் எத்தனை தடவை வந்திருக்கேன், ஒரு தடவையாச்சும் சொன்னியாடி இதை?" என்று எலோதியா பொரிந்தாள்.

மர்யூரி அவளுடைய கையைப் பார்த்தாள். அந்த வாரம் ஆரஞ்சு நிறம். "வந்திருக்கீங்க அக்கா. ஆபீசுக்கு. காபி குடிச்சோம், சிரிச்சோம், பசங்களை அனுப்பினீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க வந்ததே இல்லையே. இந்த நகத்தோட வரவும் முடியாது."

செர்வியோ டாக்ஸியைக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு ரொசெந்தோ போன் பண்ணினான். "இன்னிக்கு யாரைக் கட்டி வெச்சே?"

நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் கடல் நடுவில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தான். "அடிப்பாவி! அடுப்படிக்குள்ள கால் வைக்காமலே இத்தனை வருஷமா எல்லாருக்கும் சமைக்கச் சொல்லிக் குடுத்திருக்கியா நீ?"

"உன் சமையலைச் சாப்பிடறவங்க பாவத்தைவிட இது குறைச்சல்தான்," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. வாத்தியார்களை எல்லாம் உள்ளே போ, உள்ளே போ என்று தள்ளியவள், தான் வாசலிலேயே நின்றிருக்கிறாள். அது உண்மை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கைகளையே பார்த்தாள். அப்புறம் நகவெட்டியை எடுத்தாள்.

மறுநாள் மர்யூரி அவளை உள்ளே விட்டாள். வெந்த சூரையைத் தோல் நீக்கி முள் எடுக்கிற பெண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். ஒரு கண்ணைக் கத்தியிலும் ஒரு கண்ணை வந்தவள்மேலும் வைத்து, "இஞ்ஜினியரம்மா, புது ஆளா? கையைப் பாருங்க, வேலையே செய்யாத கை!" என்று கலாய்த்தார்கள். நாள் முழுக்க அங்கேயே இருந்தாள். ஆபீசிலேயே உட்கார்ந்து அவள் பார்க்காமல் தவறவிட்டது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நேரே செர்வியோ அறைக்குப் போய், மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள்.

"தப்பு என்னோடது சார். நான் உள்ளே போய்ப் பாக்காம உங்களைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல அசிங்கப்படுத்திட்டேன். இன்னிக்குப் போய்ப் பாத்துட்டேன். உங்க மீசைக்கு ஈடா பத்து நகம் குடுத்தாச்சு."

"நகம் வளரும்மா."

"மீசை மட்டும் என்ன, கல்லுல செதுக்கினதா? அதுவும் வளரும்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, விரலால் மீசையை ஒதுக்கிக் காட்டினார். மேல் உதட்டில் இருந்து மூக்கு வரை ஒரு கோணல் தழும்பு.

"தூண்டில் முள். எங்க அண்ணன் வீசினது, எனக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே 'மாட்டின மீன்'. வாயைத் திறந்தா போதும், தூண்டிலை இழுக்கிற மாதிரி சைகை பண்ணுவாங்க. மீசை முளைச்ச அன்னிக்குத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். என் பொண்டாட்டிகூட இதைச் சரியா பாத்ததில்லை எலோதியாம்மா. என் மாணவங்க முன்னாடியா எடுக்கச் சொல்றீங்க?"

எலோதியா விரித்து வைத்த கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நாளாகப் பிடிவாதக்காரக் கிழவன் என்று ஊரெல்லாம் திட்டியிருக்கிறாள்.

"வேணாம் சார். டீன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"கீழ்த்தளம்?"

"அங்க ஏசி இருக்காம்," என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் படியிறங்கும்போது அழுதுவிட்டாள்.

வியாழக்கிழமைதான் அந்த வகுப்புக்காக மர்யூரி மறுபடி ஒதுக்கி வைத்திருந்த நாள். வகுப்பு வராது என்று நேரில் சொல்லிவிடலாம் என்று எலோதியா கம்பெனி வாசலுக்குப் போனாள். மாணவர்கள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். அவர்களை வரச் சொன்னது யார் என்று கேட்பதற்குள் ஒரு டாக்ஸி வந்து நின்றது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு செர்வியோ இறங்கினார். மோதிரம் இல்லை, வாட்ச் இல்லை, சென்ட் இல்லை. தோளில் பந்துப் பை தொங்கியது. யாரையும் பார்க்காமல் உடை மாற்றுகிற அறைக்குள் விறுவிறு என்று போனார்.

அங்கே மர்யூரி எல்லாருக்கும் தொப்பி, மேலங்கி, முகமூடி என்று எடுத்துக் கொடுத்தாள். மூக்கையும் வாயையும் முழுசாக மறைக்கிற முகமூடி. செர்வியோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குத் தானும் போட்டுக்கொண்ட அதைப் பற்றி அவரிடம் சொல்லவே மறந்துவிட்டோம் என்று எலோதியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதை எல்லாரும் போடுவாங்களா?"

"போடாம உள்ள விடமாட்டேன் சார்."

"அப்போ நான் மழிச்சது?"

"முகமூடி நழுவும் சார். நழுவினா மீசை எட்டிப் பாக்கும்."

"எவனும் பாக்க முடியாத இடத்துல மூடி வைக்கிறதுக்கா ராத்திரி பூரா அழுதுகிட்டே மழிச்சேன்?" என்று கத்தியவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். முகமூடியைப் போட்டுக்கொண்டு சிரித்தார். எலோதியா அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை.

மீன் அறுக்கிற இடம், டின் மூடுகிற இடம் எல்லாம் பார்த்துவிட்டுக் கிடங்குக்கு வந்தார்கள். மூடிய டின்கள் அட்டைப்பெட்டியில் மலை மலையாக அடுக்கி இருந்தன. ஒரு பையன் எட்டுகிற உயரத்தில் இருந்து சில டின்களை எடுத்துச் சோதனைக்கு வைத்தான். செர்வியோ நின்றுவிட்டார்.

"தம்பி, எப்பவும் இந்தப் பக்கம்தான் எடுப்பியா?"

"ஆமா சார். அந்த மூலைக்குப் போனா பாதி நாள் போயிடும்."

"இது சோதனை இல்லைப்பா, சோம்பேறித்தனம்! கைக்கு எட்டினதை எடுத்தா, எட்டாததைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" திரும்பி மாணவர்களைப் பார்த்தார். "வருஷம் பூரா எதுக்குடா இந்தப் பந்தை உருட்டறோம்னு கேட்டீங்களே! பேனா குடுங்க!"

பந்துகளில் எண் எழுதினார்கள். அவற்றையும் கழுவ வேண்டும் என்று மர்யூரி பிடிவாதம் பிடிக்க, கழுவித் துடைத்து மறுபடி எழுதினார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு எண். பைக்குள் கை விட்டு எந்தப் பந்து வருகிறதோ அந்த அடுக்கில் எடுக்க வேண்டும். மர்யூரி கூட்டத்தைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பிங்கோவில் கூவுகிற மாதிரி எண்ணைக் கூவ ஆரம்பித்துவிட்டாள். ஓய்வு நேரத்தில் இருந்த பெண்களும் வந்து, "எங்க அடுக்கு வருது பாரு!" என்று பந்தயம் கட்டினார்கள். பந்து சொன்னது கடைசி மூலை, அடி வரிசை. பெட்டி தூக்குகிற வண்டிக்காரன் புலம்பிக்கொண்டே போய் இறக்கினான். பெட்டியைத் திறந்தால் பல டின்களின் விளிம்பு நசுங்கி இருந்தது. மேலே இருந்த பாரம் தாங்கவில்லை.

மர்யூரியின் சங்குக் குரல் அடங்கியது. "இத்தனை நாளா என் கண்ணுல படவே இல்லையே சார்!"

"பந்துக்குத்தான் கால் வலிக்காது," என்றார் செர்வியோ. ஒரு மாணவி, அந்தப் பாடத்தில் இரண்டு தடவை விழுந்தவள், அடுக்கின் உயரத்துக்கும் நசுங்கினதுக்கும் சம்பந்தம் எப்படிக் கணக்குப் போடுவது என்று தானாகவே கேட்டாள். அவர் அவளுக்குத் தரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம் கேன்டீன். தட்டுகள் வந்தன, எல்லாரும் முகமூடியைக் கழற்றினார்கள். செர்வியோ கழற்றவில்லை. எதிரே சாறு ஆறிக்கொண்டிருந்தது. எலோதியா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு முகமூடியை இறக்கினார்.

மர்யூரி உற்றுப் பார்த்தாள். "தூண்டிலா சார்?"

"ம்."

"யாரு வீசினது?"

"அண்ணன்."

"அண்ணனுங்களே இப்படித்தான்!" என்று சட்டைக் கையை மடித்து, முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு அம்மா தன் காதைக் காட்டினாள், இன்னொருத்தி கழுத்தைக் காட்டினாள். யாருடைய அண்ணன் பெரிய முட்டாள் என்று ஒரு பெரிய வாக்குவாதமே கிளம்பியது. மாணவர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். செர்வியோ சாற்றை மிச்சம் வைக்காமல் குடித்தார். வாரா வாரம் வருவதாக அவரே சொன்னார்.

டிசம்பர் கடைசி வேலை நாள், மதியம். பல்கலைக்கழக முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடின பொம்மை நின்றது. இந்த வருஷம் செர்வியோவின் மீசைதான் என்று எல்லாருக்கும் தெரியும். எலோதியாவும் உற்சாகமாக உதவி பண்ணியிருந்தாள். அடைக்கத் துணி பத்தவில்லை என்று, பொம்மை செய்யக் கூட வந்திருந்த மர்யூரி கேட்டதால், பழைய மஞ்சள் சட்டை ஒன்றுகூடக் கொடுத்திருந்தாள். ஆபீஸ் என்ன ஆகும் என்று டீன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் முன் வரிசையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாயை இழுத்தார்கள். மீசை இல்லை. மஞ்சள் சட்டை இருந்தது. ஒரு கையில் பந்துப் பை, ஒரு கையில் சூரை டின், இரண்டையும் சேர்த்துக் கட்டின கல்யாண ரிப்பன். டின் மூடியை வெட்டி ஆரஞ்சு வண்ணம் அடித்த பத்து நீள நகம்.

எலோதியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மழித்த முகத்தோடு செர்வியோ எழுந்து உயிலை வாசித்தார். "எலோதியா அஞ்சுந்தியா ஆகிய நான், சுயபுத்தியோட எழுதிவைக்கிறது. என் வாயை மர்யூரிக்கு எழுதி வைக்கிறேன், அவளுக்குத் தேவையில்லைன்னாலும். என் நகவெட்டி செர்வியோவுக்கு, மறுபடி மீசை வெச்சா வெட்டிக்கட்டும். கீழ்த்தளத்துல இருக்கிற நாற்காலி டீன் வாஷிங்டனுக்கு. அங்க ஏசி இருக்கு. என் ஆபீசை மட்டும் யாருக்கும் எழுதி வைக்கல, ஏன்னா நான் எங்கேயும் போகலை!"

முற்றம் அதிர்ந்தது. எல்லாரும் டீனைப் பார்த்தார்கள். உயிலுக்குக் கோபப்படக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்தார்.

"நாற்காலி எனக்கு வேணாம்பா, எனக்குச் சளி பிடிக்கும். ஆபீஸ் இருக்கட்டும். ஜனவரியில அந்தக் கட்டட இஞ்ஜினியரிங் வாத்தியாருங்களைப் போய்ப் பிடிங்க எலோதியாம்மா. நாலு பேரும் அடங்காத ஜென்மம்."

பொம்மை படபடவென்று எரிந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எலோதியா அழுதுகொண்டே, "என் நகம் இவ்வளவு கோணலாவா இருக்கும்?" என்று சண்டை போட்டாள். சாம்பல் ஆறினதும் செர்வியோ குனிந்து கிளறினார். துணியும் மரத்தூளும் போயிருந்தன, பத்துத் தகர நகமும் கறுத்துப்போய் அப்படியே கிடந்தன. பொறுக்கி அவள் கையில் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரொசெந்தோ.

"இன்னிக்கு யாரைக் கட்டி வெச்சே?"

"யாரையும் இல்லை!" என்று முற்றமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "என்னைக் கொளுத்திட்டாங்க ரொசெந்தோ! என்னைக் கொளுத்திட்டாங்க!"